சூரிய வெடிப்பின் ரேடியோ படத்தைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு படம், ஒரு கால்குலேட்டர், ஒரு நோட்டுப் புத்தகம். இந்த மூன்றும் இருந்தால், சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு எலக்ட்ரான் கூட்டம் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். ஆன்டெனா வேண்டாம், தொலைநோக்கி வேண்டாம், இயற்பியல் பட்டமும் வேண்டாம். பள்ளியில் படித்த மடக்கை கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

சூரிய வானியல் என்றதும் பலர் கரும்புள்ளிப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். ரேடியோ பக்கம் வருவதில்லை. ஓர் அச்சில் நேரம், இன்னோர் அச்சில் ரேடியோ அதிர்வெண் என, கோடுகளும் புள்ளிகளுமாக இருக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்றும் புரியாது என்ற தயக்கம்தான் காரணம். ஆனால் அந்தக் கோடுகளுக்கு ஒரே ஒரு சாவிதான். அது கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம்.

சாவி எது?

சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா ஒரு பிளாஸ்மா. எலக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியாக மிதக்கும் சூடான வாயு. அதில் ஓரிடத்து எலக்ட்ரான்களைச் சற்றே நகர்த்திவிட்டால், அயனிகள் அவற்றைத் திரும்ப இழுக்கும், அவை தாண்டிப் போகும், மறுபடி இழுக்கும். தள்ளிவிட்ட ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். இந்த ஆட்டத்தின் அதிர்வெண் எலக்ட்ரான் அடர்த்தியை மட்டுமே பொறுத்தது. ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் கிலோஹெர்ட்ஸில் விடை வரும். 10 கோடி எலக்ட்ரான் என்றால் 90 மெகாஹெர்ட்ஸ், அதாவது நம் எஃப்.எம். ரேடியோ தொடங்கும் இடம்.

கொரோனாவில் மேலே போகப் போக அடர்த்தி குறையும். அப்படியானால் அதிர்வெண்ணும் குறையும். நமக்கு வரும் ரேடியோ அலை இந்த ஆட்டத்திலிருந்து பிறப்பது. ஆகவே படத்தில் அதிர்வெண் என்று எழுதியிருக்கும் அச்சை உயரம் என்று படித்துக்கொள்ளுங்கள். 200 மெகாஹெர்ட்ஸ் கீழ்த்தளம், 50 மெகாஹெர்ட்ஸ் மேல்தளம். கோடு ஒன்று 200-இலிருந்து 50-க்குச் சரிந்தால், ஏதோ ஒன்று சூரியனிலிருந்து வெளியே ஏறியிருக்கிறது. சட்டென்று சரிந்தால் ஏறியது வேகமானது. மெதுவாகச் சரிந்தால் நிதானமானது. இவ்வளவுதான் சாவி.

இதைப் படமே இல்லாத காலத்தில் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. 1942 பிப்ரவரி கடைசியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ரேடார்களில் பெரும் இரைச்சல் கேட்டது. எதிரி வேலை என்று சந்தேகப்பட்டார்கள். ஜே. எஸ். ஹே என்ற இயற்பியலாளர், ரேடார்கள் காட்டிய திசை சூரியனோடு சேர்ந்து நகர்வதைக் கவனித்தார். போர் முடிந்தபின் 1946-இல்தான் அது வெளியே வந்தது. அடுத்த ஆண்டு, 1947 மார்ச் 8 அன்று, ஆஸ்திரேலியாவில் ரூபி பெய்ன்-ஸ்காட்டும் அவருடைய சகாக்களும் 200, 100, 60 மெகாஹெர்ட்ஸ் என மூன்று தனித்தனி ரிசீவர்களில் ஒரு பெரிய வெடிப்பைப் பதிவுசெய்தார்கள். முதலில் 200-இல் வந்தது, சில நிமிடம் கழித்து 100-இல், அப்புறம் 60-இல். ஏதோ ஒன்று கொரோனாவில் ஏறிப்போகிறது என்று அந்த மூன்று பதிவுகளை வைத்தே சொல்லிவிட்டார்கள். நாம் இன்று செய்யப்போவதும் அதேதான். மூன்று ரிசீவருக்குப் பதில் நம் கையில் 200 வரிசை கொண்ட படம் இருக்கிறது.

எலக்ட்ரான்களுக்கு அந்த வேகம் எங்கிருந்து வருகிறது?

இதைத் தெரிந்துகொண்டு படத்துக்குப் போனால் கோடுகளுக்கு உயிர் வரும். கரும்புள்ளிகளுக்கு மேலே காந்தப்புலக் கோடுகள் வளைவு வளைவாக நிற்கின்றன. அடியில் பிளாஸ்மா ஓயாமல் நகர்வதால் அவை முறுக்கேறுகின்றன. எதிரெதிர்த் திசைக் கோடுகள் நெருங்கும்போது, ஒரு கட்டத்தில் அறுந்து வேறு விதமாக இணைந்துகொள்கின்றன. காந்தப்புல மறுஇணைப்பு என்று இதைச் சொல்வார்கள். முறுக்கில் சேர்ந்திருந்த ஆற்றல் அப்போது வெளிப்படும். அதுதான் ஃப்ளேர் எனப்படும் சூரிய வெடிப்பு. அந்த ஆற்றலில் கணிசமான பங்கு எலக்ட்ரான்களையும் அயனிகளையும் விரட்டுவதில் செலவாகிறது.

விரட்டப்பட்ட எலக்ட்ரான்களில் ஒரு பகுதி கீழே பாய்ந்து, அடர்த்தியான அடுக்கில் மோதி, கடின எக்ஸ் கதிர்களை உண்டாக்கும். இன்னொரு பகுதி, திறந்த காந்தக்கோடு கிடைத்தால் மேலே தப்பிவிடும். கிளம்பும்போது எல்லாம் ஒரே கும்பல்தான். போகப் போக வேகமானவை முன்னே வந்துவிடும். மெதுவான பிளாஸ்மாவின் நடுவே இப்படி வேகமான கூட்டம் புகுந்தால் அங்கங்கே பிளாஸ்மா ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தின் ஒரு பகுதி ரேடியோ அலையாக மாறி, எட்டு நிமிடம் இருபது நொடியில் நம்மிடம் வந்துசேரும்.

துகள்களை முடுக்க இன்னொரு வழியும் உண்டு. பெரிய வெடிப்புகளில் கொரோனாவின் ஒரு பாகமே பிய்த்துக்கொண்டு கிளம்பும். அதன் முன்னால், வேகமாகப் போகும் படகின் முகப்பில் தண்ணீர் குவிவது போல, ஒரு அதிர்ச்சி அலை உருவாகும். துகள்கள் அந்த அலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகம் கூட்டிக்கொள்ளும். இந்த இரண்டு முடுக்கிகளையும் படத்தில் தனித்தனியாக அடையாளம் காண முடியும். அதனால்தான் இந்தப் படங்களை நான் விடாமல் பார்க்கிறேன்.

படி 1: கடிகாரத்தை மாற்றுங்கள்

எல்லாப் பதிவுகளும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்தியா, இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழியுங்கள்; மலேசியா, சிங்கப்பூர் என்றால் எட்டு மணி. சென்னையில் காலை 11.30 என்றால் பதிவில் 06:00. நோட்டில் எப்போதும் பொது நேரத்தையே எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் ஒரு வாரத்தில் எது எது என்று உங்களுக்கே தெரியாது.

படி 2: ஒரு நல்ல நாளைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் சூரியனின் எக்ஸ் கதிரை இடைவிடாமல் அளக்கின்றன. அந்த வரைபடம் நோவா அமைப்பின் விண்வெளி வானிலை மையத்தின் தளத்தில் யாருக்கும் கிடைக்கும். ஏ, பி, சி, எம், எக்ஸ் என ஐந்து வகுப்புகள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு.

புதியவர்கள் நேரே எக்ஸ் வகுப்புக்குப் போவார்கள். வேண்டாம். பெரிய வெடிப்பில் நாலைந்து வகை உமிழ்வு ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சி வகுப்பின் மேல்பாதியோ சிறிய எம் வகுப்போ எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் கதிர்க் கோடு உச்சிக்குப் போகும் நேரத்தைப் பார்க்காதீர்கள். ஏறத் தொடங்கிச் செங்குத்தாகப் போகும் அந்தச் சில நிமிடங்கள்தான் முக்கியம். துகள்கள் முடுக்கப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். உச்சி என்பது சூடான வாயு நிறைந்த பிறகு வருவது.

அதே தளத்தில் தினசரி நிகழ்வுப் பட்டியல் ஒன்று வரும். அதில் எக்ஸ்.ஆர்.ஏ. என்றால் எக்ஸ் கதிர் வெடிப்பு. ஆர்.எஸ்.பி. என்று போட்டிருந்தால், அதிர்வெண் அலசும் கருவியில் ரேடியோ வெடிப்பு பதிவாகியிருக்கிறது என்று பொருள். பக்கத்தில் ரோமன் எண்ணில் வகையும், சாய்கோடு போட்டு 1 முதல் 3 வரை வலிமையும் இருக்கும். மூன்று என்ற ரோமன் எண்ணும் அதன்பின் 2-ம் இருந்தால் அது நடுத்தர வலிமையுள்ள டைப் 3 (வகைகளைப் படி 5-இல் பார்ப்போம்). இந்தப் பட்டியலை விடைப் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் படத்தைப் படித்து முடிவு செய்துவிட்டு, பிறகு இதோடு ஒப்பிடுங்கள்.

படி 3: நிலையத்தையும் கோப்பையும் எடுங்கள்

புதியவருக்கு ஏற்ற இடம் இ-கலிஸ்டோ வலையமைப்பு. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் தொழில்நுட்பக் கழகத்தில் கிறிஸ்டியன் மோன்ஸ்டைன் உருவாக்கிய, விலை குறைந்த ஒரு ரிசீவர்தான் கலிஸ்டோ. 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். நொடிக்கு நான்கு முறை, 200 அதிர்வெண்களைச் சுற்றிவரும். உலகெங்கும் பல நாடுகளில் இது நிறுவப்பட்டிருக்கிறது: அலாஸ்கா, கிளாஸ்கோ, அல்மாட்டி, மொரிஷியஸ், நம் பக்கத்தில் ஊட்டியும் கர்நாடகத்தின் கௌரிபிதனூரும். எங்கோ ஒரு நிலையத்தில் எப்போதும் பகல்.

ஊட்டியில் 1970-இலிருந்து இயங்கும் பெரிய ரேடியோ தொலைநோக்கியைச் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை எவ்வளவோ அதே அளவு சரிவுள்ள மலையைத் தேடி அதன்மேல் கட்டியது. அதுவும் சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றை ஆராய உதவுகிறது. கௌரிபிதனூரிலோ சூரியனுக்கென்றே தனிக் கருவிகள் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் 1997-இலிருந்து அங்கே ஒரு ரேடியோ சூரியப்படக் கருவியை இயக்கிவருகிறது. நாம் வேலைக்கு எடுப்பது இவற்றையல்ல, சிறிய கலிஸ்டோ பதிவுகளை.

தளத்தில் தேதியைத் தேர்ந்தெடுத்தால் கோப்புகள் வரிசையாக வரும். பெயரிலேயே எல்லாம் இருக்கும்: நிலையம், ஆண்டு மாதம் நாள், தொடங்கிய மணி நிமிடம் நொடி, கடைசியில் ரிசீவரின் குறியீட்டு எண். ஒவ்வொரு கோப்பும் 15 நிமிடம். உங்கள் வெடிப்பு 06:14-இல் தொடங்கினால் 06:00 கோப்பையும் 06:15 கோப்பையும் சேர்த்தே எடுங்கள். பைதான் தெரிந்தவர்கள் ஆஸ்ட்ரோபை நூலகத்தால் கோப்பைத் திறக்கலாம். தெரியாதவர்களுக்குத் தளமே படமாக்கிக் காட்டும். தொடக்கத்துக்கு அதுவே போதும்.

படி 4: முதலில் இரைச்சலைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு சலித்துப்போகிறார்கள். ஆகவே இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

படம் திறந்ததும் முதலில் அச்சு எண்களைப் பாருங்கள். சில படங்களில் அதிக அதிர்வெண் மேலே இருக்கும், சிலவற்றில் கீழே. இதைக் கவனிக்காமல் விட்டால் ஏறுவது இறங்குவதாகத் தெரியும்.

அடுத்து, எந்த வெடிப்பும் இல்லாத ஒரு 15 நிமிடப் படத்தை அதே நிலையத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக முழு நீளத்துக்கும் நேர்கோடாக ஓடுபவை வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள். 88 முதல் 108 வரை தடித்த பட்டை இருக்கும், அது எஃப்.எம். அதற்குச் சற்று மேலே, 118-க்கும் 137-க்கும் இடையே துண்டு துண்டாக வந்து போவது விமானிகளின் பேச்சு. இவை தினமும் அதே இடத்தில் இருக்கும். ஒரு நிலையத்தை ஒரு வாரம் பார்த்தால் அதன் இரைச்சல் முகம் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும்.

செங்குத்தாக வருபவை இன்னும் ஆபத்தானவை. மழைக்காலத்தில் ஏ.எம். ரேடியோ கேட்டவர்களுக்குத் தெரியும், மின்னல் வெட்டும்போதெல்லாம் கரகர என்று ஒரு சத்தம் வரும். அதே மின்னல் இங்கே எல்லா அதிர்வெண்ணையும் ஒரே நொடியில் தொடும் செங்குத்துக் கோடாக விழும். பக்கத்து மோட்டார், வெல்டிங், பழைய டியூப்லைட் சோக்கும் அப்படித்தான். டைப் 3-ம் ஏறத்தாழச் செங்குத்தாகவே இருக்கும். என் முதல் நோட்டில் டைப் 3 என்று எழுதிப் பிறகு அடித்துவிட்ட பக்கங்கள் பல. பெரும்பாலும் மின்னல்தான் காரணம்.

பிரித்தறிய இரண்டு சோதனைகள். ஒன்று, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மின்னல் எத்தனை பெரிதாக்கினாலும் செங்குத்துதான். டைப் 3 சாயும். கீழ் அதிர்வெண்ணுக்குப் போகப் போக அகலமும் கூடும். இரண்டு, இன்னொரு நிலையத்தைத் திறங்கள். ஊட்டியில் இடித்த மின்னல் அல்மாட்டியில் இடிக்காது. சூரியன் இரண்டுக்கும் பொது. அந்த நேரத்தில் பகலாக இருக்கும் இரண்டு நிலையங்களில் அதே நொடியில் அதே உருவம் இருந்தால் மட்டும் நம்புங்கள். இந்த ஒரு விதியை மீறாதீர்கள்.

கோப்பைப் பைதானில் திறப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒவ்வொரு அதிர்வெண் வரிசையின் இடைநிலை அளவைக் கண்டு அந்த வரிசையிலிருந்து கழித்துவிடுங்கள். படுத்துக் கிடக்கும் கோடுகள் பெரும்பாலும் மறைந்து, வெடிப்பு மட்டும் பளிச்சென்று எழும். முதல் தடவை இதைச் செய்து பார்க்கும்போது, மூடியிருந்த ஜன்னலைத் திறந்தது போல இருக்கும்.

படி 5: வகையைக் கண்டுபிடியுங்கள்

பெயர்களில் டைப் 1, 2, 3 என்பவை 1950-இல் ஆஸ்திரேலியாவின் பால் வைல்டும் மெக்ரெடியும் வைத்தவை. 4-ம் 5-ம் அதே பத்தாண்டில் பின்னால் சேர்ந்தன. எண்களுக்கு உள்ளர்த்தம் எதுவும் இல்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

டைப் 3-இலிருந்து தொடங்குங்கள். அதிகம் கிடைப்பதும் அதுதான். சில நொடிகளில் முழுப் படத்தையும் கடந்துவிடும். பெரும்பாலும் தனியாக வராது, நாலைந்து சேர்ந்து வரும். ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகமுள்ள எலக்ட்ரான் கூட்டத்தின் தடம் அது. 20 மெகாஹெர்ட்ஸில் இதை ஒலியாகவே கேட்பவர்கள் உண்டு: கரையில் அலை ஏறி மெல்லப் பின்வாங்குவது போல ஓர் இரைச்சல். சிலசமயம் எக்ஸ் கதிர் வரைபடத்தில் குறிப்பிடும்படி ஏதும் இல்லாத நேரத்திலும் டைப் 3 வரும். சின்ன முடுக்கம்கூட ரேடியோவில் தெரிந்துவிடுகிறது என்பதே அதற்குப் பொருள்.

டைப் 2 வேறு ரகம். நிமிடக்கணக்கில் மெதுவாகச் சரியும் பட்டை. அநேகமாக இரண்டு பட்டைகள், ஒன்றின் அதிர்வெண் மற்றதைப் போல இரு மடங்கு. முன்னது பிளாஸ்மாவின் சொந்த அதிர்வெண், பின்னது அதன் இரட்டிப்பு. இது அதிர்ச்சி அலையின் தடம். அதிர்ஷ்டம் இருந்தால் அந்தப் பட்டையிலிருந்து இருபுறமும் மெல்லிய கீற்றுகள், மீன் முள்ளைப் போல, கிளம்பி நிற்பதைக் காண்பீர்கள். அதிர்ச்சி அலை அந்த நொடியிலேயே எலக்ட்ரான்களை மேலும் கீழும் வீசி எறிவது அது. துகள் முடுக்கத்தை இவ்வளவு நேராகக் கண்ணால் காட்டும் படம் வேறு எனக்குத் தெரியாது.

டைப் 1 கரும்புள்ளிக் கூட்டங்களுக்கு மேலே மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கும் பொறிபறத்தல், இப்போதைக்கு விட்டுவிடலாம். டைப் 5 என்பது டைப் 3-க்குப் பின்னால் சில சமயம் ஒரு நிமிடம்போல நீளும் மங்கல்.

டைப் 4 பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பெரிய வெடிப்புக்குப் பின் அகலமாக, நெடுநேரம் நீடிக்கும் உமிழ்வு. காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரான்களிலிருந்து வருவது. இதுவும் இதைப் போன்ற உயர் அதிர்வெண் உமிழ்வுகளும்தான் நம் கருவிகளைத் தொடுபவை. 1967 மே 23 அன்று அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்து ஆகிய இடங்களில் இருந்த அமெரிக்காவின் ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள் மூன்றும் ஒரே சமயத்தில் முடங்கின. பனிப்போர்க் காலம். சோவியத் ஒன்றியம்தான் முடக்கியது என்று எண்ணிப் போர் விமானங்களைத் தயார்ப்படுத்தும் அளவுக்குப் போனது. காரணம் சூரிய ரேடியோ வெடிப்பு என்று சூரியனைக் கண்காணித்துவந்தவர்கள் நேரத்தோடு சொன்னதால் நிலைமை தணிந்தது. 2006 டிசம்பர் 6 அன்று ஜி.பி.எஸ். ரிசீவர்கள் தடுமாறின. 2015 நவம்பர் 4 அன்று சுவீடனில் விமானக் கட்டுப்பாட்டு ரேடார்கள் குழம்பி, வான்வழியைச் சிறிது நேரம் மூட வேண்டிவந்தது. படம் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று நான் சொல்வது பொழுதுபோக்குக்காக மட்டுமல்ல.

படி 6: வேகத்தைக் கணக்கிடுங்கள்

சரி, இப்போது பேனாவை எடுங்கள். ஒரு டைப் 3 கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முன்விளிம்பு 180 மெகாஹெர்ட்ஸைத் தொட்ட நேரத்துக்கும் 45-ஐத் தொட்ட நேரத்துக்கும் இடையே 13 புள்ளிகள். நொடிக்கு நான்கு புள்ளி, ஆகவே மூன்றேகால் நொடி. எஃப்.எம். பட்டை நடுவில் மறைக்கும்; கவலை வேண்டாம், இரு முனைகளும் தெரிந்தால் போதும். எப்போதும் முன்விளிம்பையே அளங்கள், பின்விளிம்பு இழுபடும்.

முதலில் அடர்த்தி. மெகாஹெர்ட்ஸை 0.009 ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். 180-க்கு 20,000, அதன் வர்க்கம் 40 கோடி. 45-க்கு 5,000; அதன் வர்க்கம் 2.5 கோடி. அதிர்வெண் நான்கில் ஒன்றானால் அடர்த்தி பதினாறில் ஒன்றாகிறது, சரியாக இருக்கிறது.

அடுத்து உயரம். கொரோனாவில் எந்த உயரத்தில் என்ன அடர்த்தி என்பதற்குப் பல மாதிரிகள் உண்டு. கார்டன் நியூகர்க் 1961-இல் தந்ததைத்தான் இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன்படி, சூரிய மையத்திலிருந்து உள்ள தூரம், சூரிய ஆரத்தை ஓர் அலகாகக் கொண்டால்:

தூரம் = 4.32 ÷ மடக்கை (அடர்த்தி ÷ 42,000); மடக்கை 10-ஐ அடிமானமாகக் கொண்டது

40 கோடியை 42,000 ஆல் வகுத்தால் 9,524. அதன் மடக்கை 3.979. தூரம் 1.086. அதேபோல் 2.5 கோடிக்கு 595, மடக்கை 2.775, தூரம் 1.557. வித்தியாசம் 0.471 ஆரம். சூரிய ஆரம் 6,96,000 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 3,28,000 கிலோமீட்டர். மூன்றேகால் ஆல் வகுங்கள்.

நொடிக்கு சுமார் 1,01,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. பூமியை நொடிக்கு இரண்டரைச் சுற்று சுற்றும் வேகம். ஆற்றலாகச் சொன்னால் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல். இதே உயரத்தை நொடிக்கு 800 கிலோமீட்டர் போகும் அதிர்ச்சி அலை ஏற ஏழு நிமிடம் ஆகும். டைப் 3 ஏன் நிமிர்ந்து நிற்கிறது, டைப் 2 ஏன் சாய்ந்து கிடக்கிறது என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

விடையை அப்படியே எழுதிவிடாதீர்கள், இரண்டு இடத்தில் அது ஆடும். நாம் பார்த்தது சொந்த அதிர்வெண் அல்ல, இரட்டிப்பு என்றால்? அப்போது கணக்கில் 180, 45-க்குப் பதில் 90, 22.5 என்று போட வேண்டும். தூர வித்தியாசம் 0.71 ஆரமாகி, வேகம் நொடிக்கு 1,52,000 கிலோமீட்டராக உயர்கிறது. ஆற்றல் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டுகிறது. ஒரே படம், இரண்டு விடை. இரண்டையும் எழுதி, 'சொந்த அதிர்வெண் என்று கொண்டால்', 'இரட்டிப்பு என்று கொண்டால்' எனக் குறியுங்கள். இன்னொன்று, கூட்டம் நேரே நம்மை நோக்கி வந்தால், பிறகு கிளம்பும் அலை நமக்கு இன்னும் அருகிலிருந்து கிளம்புவதால் சீக்கிரம் வந்துவிடும். வேகம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். சூரிய வட்டின் ஓரத்தில் நடந்த வெடிப்புகளில் இந்தத் தொல்லை குறைவு. பழகும்வரை ஓர வெடிப்புகளையே எடுங்கள் என்பேன்.

படி 7: தப்பிய துகள்களைத் தொடருங்கள்

ஏறத்தாழ 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே நம் அயனி மண்டலம் கதவைச் சாத்திவிடும். அதற்கு அப்பால் கூட்டம் என்ன ஆனது என்று பார்க்க விண்கலங்கள் வேண்டும். 1994-இல் ஏவிய விண்ட், 2006-இன் ஸ்டீரியோ, 2018-இன் பார்க்கர், 2020-இன் சோலார் ஆர்பிட்டர் எல்லாவற்றிலும் ரேடியோ கருவிகள் உண்டு. நீங்கள் 45 மெகாஹெர்ட்ஸில் விட்ட கோடு, விண்ட் படத்தில் வளைந்து வளைந்து கிலோஹெர்ட்ஸ் வரை தொடர்வதைப் பார்ப்பீர்கள். அங்கே நொடிகள் நிமிடங்களாகிவிடும்.

சூரியக் காற்றின் காந்தக்கோடுகள் தோட்டத்தில் சுழலும் தண்ணீர்த் தெளிப்பான் போல வளைந்திருக்கின்றன. அதனால் சூரியனின் மேற்குப் பாதியில் நடக்கும் வெடிப்புகள்தான் நமக்கு நேர்வழி. அந்தப் பக்கத்தில் டைப் 3 கண்டால், நீங்கள் கணக்கிட்ட எலக்ட்ரான்கள் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பூமிப் பக்கம் வரலாம். 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டைப் 2-ம் சேர்ந்து வந்திருந்தால் கோஸ் தளத்தின் புரோட்டான் வரைபடத்தை அன்று முழுக்கத் திறந்து வையுங்கள். புரோட்டான் அளவு 10 என்ற கோட்டைத் தாண்டினால் கதிர்வீச்சுப் புயல் என்று அறிவிப்பார்கள்.

கீழே பாய்ந்த எலக்ட்ரான்களையும் மறக்க வேண்டாம். 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பி 2024 ஜனவரி 6-இல் இடம் சேர்ந்த நம் ஆதித்யா எல்-1-இல் ரேடியோ கருவி கிடையாது. ஆனால் கடின எக்ஸ் கதிரை அளக்கும் ஹீலியோஸ் இருக்கிறது, துகள்களை எண்ணும் ஆஸ்பெக்ஸும் இருக்கிறது. ஒரே வெடிப்பின் கடின எக்ஸ் கதிர் உச்சியையும் உங்கள் டைப் 3-இன் தொடக்க நொடியையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். இரண்டும் ஒட்டி நின்றால், மேலே ஓடியதும் கீழே பாய்ந்ததும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை என்று நினைக்க நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

சொந்த ஆன்டெனா வேண்டுமென்றால்

ஆறு மாதம் பிறர் பதிவுகளைப் படித்த பிறகு இறங்குங்கள். எளிய வழி 20.1 மெகாஹெர்ட்ஸ். நாசாவின் ரேடியோ ஜோவ் திட்டம் மாணவர்களுக்காக இதைத்தான் பரிந்துரைக்கிறது. சுமார் 7 மீட்டர் நீளச் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, இரு துண்டுகளையும் கோஆக்ஸியல் கேபிளில் இணைத்து, இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டினால் ஆன்டெனா தயார். ரிசீவராகக் கணினியில் செருகும் மலிவான எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) துண்டுக் கருவி ஒன்று போதும், வாங்கும்போது 20 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்கிக் கேட்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். இடி இடிக்கும் நாளில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த நோட்டு. ஒரு வெடிப்புக்கு ஒரு பக்கம்: தேதி, பொது நேரம், நிலையங்கள் இரண்டு, கோப்பின் பெயர், தொடக்க அதிர்வெண்ணும் முடிவு அதிர்வெண்ணும், இடைப்பட்ட நொடிகள், வகை, இரண்டு வேகங்கள், எக்ஸ் கதிர் வகுப்பு, சூரியனில் எந்தப் பக்கம். இரைச்சல் என்று தள்ளியவற்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள், காரணத்தோடு: 'மின்னல், இரண்டாம் நிலையத்தில் இல்லை.'